கையெழுத்துப் போடுகிற அதிகாரிக்கு நம்ம கணக்குப் போய்ச் சேரணும்



2022 ஏப்ரல் மாதம் எலுமிச்சை என்ன விலை விற்றது என்று புளியங்குடிக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டோம். டில்லி, அகமதாபாத் மாதிரி ஊர்களில் சில்லறை விலை கிலோ 200 ரூபாயைத் தாண்டியது. டிவியைப் போட்டால் எலுமிச்சம் பழம், பேப்பரைத் திறந்தால் எலுமிச்சம் பழம். விலை ஏறினது மட்டும்தான் அவங்க கண்ணுக்குத் தெரிந்தது. வெயிலில் பூவும் பிஞ்சும் கொட்டிப்போய் மரத்தில் காய் இல்லாததால்தான் ஏறியது என்று சொல்ல ஆளில்லை. மழைக்காலத்தில் இதே பழம் பறிப்புக் கூலிக்குக்கூடக் கட்டாமல் போகுமே, அப்போது எந்த டிவிக்காரன் வந்து படம் பிடித்தான்?

விஷயம் அது இல்லை. அந்த ஏப்ரலில் டில்லியில் நினைத்திருந்தால் ஒரே ஒரு தாளில் எலுமிச்சை ஏற்றுமதிக்குத் தடை போட்டிருக்கலாம். போடவில்லை. ஆனால் போட முடியும். சாயங்காலம் தாள் வெளிவந்தால் அந்த நிமிஷத்திலிருந்தே அமல். நம்மை ஒரு வார்த்தை கேட்க வேண்டியதில்லை.

"நம்ம பழம் கேரளாவுக்கும் வடக்கேயும்தானே போகுது, கப்பல் ஏறுறது கொஞ்சம்தானே, தடை போட்டா நமக்கென்ன?" என்று சில அண்ணாச்சிகள் கேட்கலாம். வெங்காயத்திலும் கப்பல் ஏறுவது நாட்டு விளைச்சலில் சுமாராகப் பத்தில் ஒரு பங்குதான். ஆனால் தடை என்ற பேச்சு வந்த அன்றைக்கே கடைக்கோடி மண்டி வரைக்கும் விலை இறங்கிவிடுகிறது. "இனிமே இறங்கத்தான் செய்யும்" என்று வாங்குகிறவன் கையைக் கட்டிக்கொண்டு நிற்பான். நாம் சரக்கை வைத்துக்கொண்டு நிற்க முடியுமா?

எலுமிச்சையோ ஒரு போகப் பயிர் இல்லை. கன்று வைத்து மூணு நாலு வருஷம் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் காய் பார்க்கிறோம். 2025-இல் புளியங்குடி எலுமிச்சைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. சந்தோஷம். இனி வெளிநாட்டு வியாபாரம் பெருகும் என்று மேடையில் பேசுகிறார்கள். பெருகட்டும். பெருகுகிற அளவுக்கு டில்லித் தாளுக்கு நாம் கட்டுப்பட்டவர்கள் ஆகிறோம் என்பதையும் சேர்த்துப் பேசணும். ஆகவே அந்தத் தாளை எழுதுகிறவர் யார், எதைப் பார்த்து எழுதுகிறார் என்று தெரிந்துகொள்வது நமக்கு அவசியம்.

1992-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று இருக்கிறது. வெளிநாட்டு வர்த்தக வளர்ச்சி மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம் என்று பேர். அதன் 3-ஆவது பிரிவு, எந்தச் சரக்கின் ஏற்றுமதியையும் தடுக்கவோ கட்டுப்படுத்தவோ மத்திய அரசுக்கு அதிகாரம் கொடுக்கிறது. அரசிதழில் வெளியிட்டால் போதும். முன்கூட்டி நாடாளுமன்றத்தில் விவாதிக்க வேண்டியதில்லை. இந்த வேலையைப் பார்க்க அதே சட்டத்தின்படி நியமிக்கப்படுகிறவர்தான் வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநர். சுருக்கமாக டி.ஜி.எஃப்.டி. என்பார்கள். வர்த்தக அமைச்சகத்தின் கீழ், டில்லியில் வாணிஜ்ய பவன் என்ற கட்டிடத்தில் இவர் அலுவலகம். மதுரையிலும் ஒரு கிளை உண்டு. அங்கே ஏற்றுமதி லைசென்ஸ் வாங்குகிற வியாபாரிகள் போவார்கள். வெங்காயம் போட்டவன் யாரும் அந்த வாசலை மிதித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

அங்கே ஒரு பெரிய பட்டியல் இருக்கிறது. உலகத்தில் உள்ள எல்லாச் சரக்குக்கும் எட்டு இலக்க எண் போட்டு, பக்கத்தில் ஒரு வார்த்தை எழுதியிருப்பார்கள்: தடையற்றது, கட்டுப்பாடு, தடை என்கிற மாதிரி. உங்கள் தோட்டத்துப் பயிருக்கும் அதில் ஒரு எண் இருக்கிறது. அந்த எண்ணுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு வார்த்தையை மாற்றினால் போதும், உங்கள் வீட்டுக் கல்யாணம் ஒரு வருஷம் தள்ளிப்போகும். இது தவிர, இத்தனை டாலருக்குக் கீழே விற்கக்கூடாது என்று குறைந்தபட்ச ஏற்றுமதி விலை போடுவது இன்னொரு வழி. ஏற்றுமதி வரி போடுவது மூன்றாவது வழி. அது நிதி அமைச்சகத்தின் கையில் இருக்கிறது.

அங்கே உட்கார்ந்திருக்கிற மூத்த அதிகாரிகளைக் கெட்டவர்கள் என்று சொல்ல இந்தப் பிரசுரம் வரவில்லை. தலைமை இயக்குநர் பெரும்பாலும் ஐ.ஏ.எஸ். அதிகாரி. அவருக்குக் கீழே இந்திய வர்த்தகப் பணி என்று தனியாக ஒரு பிரிவு, யூ.பி.எஸ்.சி. பரீட்சை எழுதித் தேறி வந்தவர்கள். எட்டு இலக்க எண்ணெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். படித்தவர்கள், விவரமானவர்கள். தடை போடும் முடிவையும் அவர்கள் தனியாக எடுப்பதில்லை. நுகர்வோர் துறை கேட்கும், நிதித்துறை பார்க்கும், மந்திரிகள் கூடிப் பேசுவார்கள். தேர்தல் கிட்டே வந்தால் முடிவு சீக்கிரம் வரும். 1998-இல் டில்லி சட்டசபைத் தேர்தலில் வெங்காய விலை ஆட்சியைக் கவிழ்த்தது. அந்தப் பயம் எந்தக் கட்சிக்கும் இன்னும் போகவில்லை. மேலே முடிவு செய்ததை எண் போட்டு, வாசகம் எழுதித் தாளாக்குவது இந்த நிபுணரின் வேலை. ஆனால் "இதனால் விவசாயிக்கு இன்ன பாதிப்பு வரும்" என்று ஃபைலில் ஒரு பாரா எழுதவேண்டிய இடமும் அவருடையதுதான். என் பேச்சு அந்த ஒரு பாராவைப் பற்றி.

இதே அலுவலகம் இன்னொரு ஃபைலும் பார்க்கிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. ஏவுகணைக்கு ஆகிற பாகம், அணுசக்திக்கு ஆகிற பொருள், விஷவாயு செய்யக்கூடிய ரசாயனம், இவை கண்டவர் கையில் போய்விடக்கூடாது என்று ஒரு தனிப் பட்டியல் வைத்திருக்கிறார்கள். ஸ்கோமெட் பட்டியல் என்று பேர். ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு நிபுணர் என்றால் உலகமெங்கும் முதலில் இந்த வேலையைத்தான் நினைப்பார்கள். அந்த வேலை எப்படி நடக்கிறது என்று பாருங்க. எந்தப் பொருள் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று பட்டியல் முன்கூட்டியே அச்சில் இருக்கும். கம்பெனிக்காரர் விண்ணப்பம் போடலாம். வெளியுறவு, பாதுகாப்பு, அணுசக்தி என்று பல துறை அதிகாரிகள் ஒரு குழுவாக உட்கார்ந்து ஒவ்வொரு விண்ணப்பமாகப் பார்ப்பார்கள். கம்பெனிக்காரர்களைக் கூட்டிவைத்து விதிகளை விளக்கவும் செய்கிறார்கள். ஏவுகணைப் பாகத்துக்கு இத்தனை முறை இருக்கிறது. சின்ன வெங்காயத்துக்கு? ராத்திரியோடு ராத்திரியாக ஒரு தாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

வெங்காயக் கதையைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கணும்.

2019 செப்டம்பர் 13-ஆம் தேதி, டன்னுக்கு 850 டாலருக்குக் கீழே வெங்காயம் ஏற்றுமதி செய்யக்கூடாது என்றார்கள். பதினாறு நாளில், செப்டம்பர் 29-ஆம் தேதி, ஏற்றுமதிக்கே முழுத் தடை. அது நீங்கியது 2020 மார்ச் 15-ஆம் தேதி. ஆறு மாதம் கழித்து, 2020 செப்டம்பர் 14-இல் மறுபடியும் தடை. அது 2021 ஜனவரி 1 வரைக்கும். 2023 ஆகஸ்ட் 19-இல் நாற்பது சதவீத ஏற்றுமதி வரி. அக்டோபர் கடைசியில் டன்னுக்கு 800 டாலர் குறைந்தபட்ச விலை. டிசம்பர் 8-இலிருந்து முழுத் தடை. மார்ச் 31 வரைக்கும்தான் என்று சொன்ன அந்தத் தடையை, கெடு முடிய ஒரு வாரம் இருக்கும்போது "மறு உத்தரவு வரும் வரை" என்று நீட்டினார்கள். 2024 மே 4-ஆம் தேதி திறந்தபோதும் 550 டாலர் குறைந்தபட்ச விலையும் நாற்பது சதவீத வரியும் ஒட்டிக்கொண்டு வந்தன. செப்டம்பரில் வரி இருபதானது. முழுசாக நீங்கியது 2025 ஏப்ரல் 1-ஆம் தேதி.

இந்தத் தேதிகளை நம்ம பட்டத்தோடு சேர்த்து வைத்துப் பாருங்க. ஐப்பசியில் சின்ன வெங்காயம் நடுகிறவன் ஏக்கருக்கு 600 கிலோ அளவுக்கு விதை வெங்காயம் வாங்குகிறான். நடுகிற அன்றைக்கு என்ன விலையோ அந்த விலைக்குத்தான் விதை. களையெடுப்பு, உரம், மருந்து, தண்ணீர் பாய்ச்சுகிற ஆள் கூலி எல்லாம் போட்டு எழுபது, எண்பது நாளில் பிடுங்குகிறான். விலை இல்லாவிட்டால் பட்டறை போட்டு வைப்பான், அதிலும் அழுகினது போக மிச்சம்தான். நடுகிறபோது திறந்திருந்த கதவு பிடுங்குகிறபோது மூடியிருந்தால் அவன் எங்கே போவான்? 2019 புரட்டாசியில் மூடின கதவு 2020 தையைத் தாண்டி மாசி முடிகிற வரைக்கும் திறக்கவில்லை.

தாளை எழுதுகிறவர்கள் சும்மா எழுதிவிடுவதில்லை. நடுவழியில் நிற்கிற சரக்குக்கு என்ன செய்வது என்று அதிலேயே விதி இருக்கும். 2023 டிசம்பர் வெங்காயத் தடையில், அறிவிப்புக்கு முன்னால் கப்பலில் ஏற்றத் தொடங்கியிருந்தால் போகலாம், கப்பல்பட்டியல் கொடுத்துக் கப்பல் துறைமுகத்துக்கு வந்துவிட்டிருந்தால் போகலாம், சுங்கத்துறையிடம் சரக்கை ஒப்படைத்திருந்தால் போகலாம் என்று இருந்தது. நியாயம்தான். ஏற்றுமதியாளரும் வங்கிக் கடனில் நிற்கிறவர்தானே. ஆனால் இந்தக் கருணை துறைமுகத்துக் கேட்டுக்கு உள்ளேயே முடிந்துவிடுகிறது. தூத்துக்குடிக் கேட்டுக்கு வெளியே லாரியில் நிற்கிற மூடைக்கு ஒன்றும் இல்லை. அந்த மூடைக்கும் பின்னால் வயலில் நிற்கிற பயிர் என்று ஒன்று இருப்பதாகவே அந்தத் தாளுக்குத் தெரியாது. விதை வெங்காயம் வாங்கின அன்றைக்கே நம்ம சரக்கு கிளம்பிவிட்டது என்பதை யார் எடுத்துச் சொல்வது?

"எல்லா வெங்காயமும் ஒன்றுதானே, நிபுணர் எப்படிப் பிரித்துப் பார்ப்பார்" என்று கேட்டால், பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். 2019 தடை இருக்கும்போதே பெங்களூர் ரோஸ் வெங்காயத்தை 9,000 டன் அனுப்பலாம் என்று விலக்குக் கொடுத்தார்கள். 2020-இல் பெங்களூர் ரோஸ் 10,000 டன், ஆந்திராவின் கிருஷ்ணாபுரம் வெங்காயம் 10,000 டன். 2024 ஏப்ரலில் குஜராத் வெள்ளை வெங்காயம் 2,000 டன். அந்த விவசாயிகள் பிழைக்கட்டும், நமக்கு வயிற்றெரிச்சல் இல்லை. அந்த வெங்காயம் உள்நாட்டில் அதிகம் விற்காது, வெளிநாட்டை நம்பியே விளைவது என்ற நியாயத்தை யாரோ ஃபைலில் எழுதியிருக்கிறார்கள், அதனால் கதவு திறந்தது. டில்லிக்காரன் சமையலில் சின்ன வெங்காயம் கிடையாது. அவன் வீட்டு விலைவாசிக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. சிங்கப்பூர், மலேசியா, இலங்கை என்று தமிழன் சாம்பார் வைக்கிற ஊருக்குத்தான் அது கப்பலேறுகிறது. சின்ன வெங்காயத்தைத் தனியாகப் பாருங்கள் என்று பெரம்பலூர், நாமக்கல், திண்டுக்கல் விவசாயிகள் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். அந்த நியாயம் ஃபைலுக்குள் போகவில்லை.

முன்னறிவிப்புக் கேட்பது ஏதோ நம்ம பேராசை என்று நினைக்காதீங்க. 2019 அக்டோபரில் அப்போதைய வங்கதேசப் பிரதமர் ஷேக் ஹசீனா டில்லிக்கு வந்தார். திடீரென்று வெங்காயத்தை நிறுத்தியதால் தன் வீட்டுச் சமையல்காரரிடம் வெங்காயம் போடாமல் சமைக்கச் சொல்லிவிட்டதாக மேடையிலேயே சொன்னார். அடுத்த தடவை முன்கூட்டிச் சொல்லுங்கள் என்று சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டார். ஒரு நாட்டின் பிரதமருக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது என்றால் நாம் எம்மாத்திரம்? வாங்குகிறவன் ஒரு தடவை பொறுப்பான், ரெண்டு தடவை பொறுப்பான். அப்புறம் வேறு நாட்டுக் கடைக்குப் போய்விடுவான். கதவைத் திறந்த பிறகு போனவனைத் திரும்பக் கூப்பிட எத்தனை வருஷம் ஆகும்?

நம்ம பக்கத்தில் வெங்காயம் போடாதவர்களுக்கும் கதை இருக்கிறது. சங்கரன்கோவில், சிவகிரி, கரிசல் பக்கம் உளுந்தும் பாசிப்பயறும் போடுகிறோம். 2006 ஜூன் மாதம் பருப்பு வகை ஏற்றுமதிக்குத் தடை வந்தது. தற்காலிகம் என்றுதான் வந்தது. வருஷா வருஷம் நீட்டி, நீட்டி, முழுசாக எடுத்தது 2017 நவம்பரில். பதினோரு வருஷம்! எட்டாங்கிளாஸ் படித்த பையன் படிப்பை முடித்துக் கல்யாணமும் பண்ணிவிடுவான். இதற்கிடையில் 2016-இல் மத்திய அரசின் தலைமைப் பொருளாதார ஆலோசகர் அரவிந்த் சுப்பிரமணியன் பருப்பு விவகாரத்தை ஆராய்ந்து செப்டம்பர் மாதம் அறிக்கை கொடுத்தார். ஏற்றுமதித் தடையை எடுங்கள், இருப்புக் கட்டுப்பாட்டை நீக்குங்கள், கொள்முதலைப் பலப்படுத்துங்கள் என்று தெளிவாக எழுதினார். அரசாங்கத்தின் சொந்த நிபுணர், அரசாங்கமே கேட்டு வாங்கின அறிக்கை. அந்த வருஷம் மழை பெய்து பருப்பு மகசூல் 230 லட்சம் டன்னைத் தொட்டது. துவரை விலை அரசு அறிவித்த ஆதார விலைக்கும் கீழே விழுந்தது. விற்க வெளிநாடு இல்லை, கதவு பூட்டியிருந்தது. அறிக்கை வந்து பதினான்கு மாதம் கழித்துத்தான் பூட்டு முழுசாகத் திறந்தது. அறிவு இல்லாமல் நடந்தது என்று சொல்ல முடியுமா? அறிவு தாளில் இருந்தது. அவசரம்தான் இல்லை. பூட்டுப் போட மட்டும் ஒரு ராத்திரி போதும்.

பருத்திக்காரர்களுக்கு 2012 ஞாபகம் இருக்கும். மார்ச் 5-ஆம் தேதி பருத்தி ஏற்றுமதிக்குத் தடை. நம்ம காட்டில் பருத்தி எடுப்பு நடக்கிற மாசம் அது. அப்போது மத்திய விவசாய மந்திரி சரத் பவார், தன்னிடம் கேட்கவே இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லிப் பிரதமரிடம் முறையிட்டார். குஜராத்தில் அப்போது முதலமைச்சராக இருந்த நரேந்திர மோடியும் எதிர்த்தார். ஒரு வாரத்துக்குள், ஏற்கெனவே பதிவு செய்த சரக்கு போகலாம் என்று இறங்கிவந்தார்கள். விவசாயத் துறைக்கே தெரியாமல் விவசாயப் பொருளுக்குத் தடை போட முடியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். அன்றைக்கு எதிர்த்தவர்கள் பிற்பாடு ஆட்சிக்கு வந்து வெங்காயத்துக்கும் கோதுமைக்கும் அரிசிக்கும் என்ன செய்தார்கள் என்பதும் நமக்குத் தெரியும். 2022 மே 13-இல் கோதுமை, அதே வருஷம் செப்டம்பரில் குருணை, 2023 ஜூலை 20-இல் பச்சரிசி. கட்சிக் கொடி மாறுகிறது, தாள் மாறவில்லை.

இத்தனைக்கும் 2018 டிசம்பரில் மத்திய மந்திரிசபை விவசாய ஏற்றுமதிக் கொள்கை என்று ஒன்றை நிறைவேற்றியது. அடிக்கடி மாறாத, நிலையான வர்த்தக முறை கொடுப்போம் என்று அதில் வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். பத்து மாதம் முடியவில்லை, வெங்காயத் தடை வந்துவிட்டது.

எதிர்த்தரப்பு நியாயத்தையும் பார்க்காமல் பேசக்கூடாது. வெங்காயம் 100 ரூபாய் விற்றால் பாதிக்கப்படுவது டில்லிப் பணக்காரன் இல்லை. நம்ம தோட்டத்தில் களையெடுக்க வருகிற அக்காவும்தான். நாமும் அரிசி தவிர மற்றதெல்லாம் கடையில்தானே வாங்குகிறோம்? பஞ்ச காலத்தில் இருக்கிற தானியத்தைக் கப்பலேற்றி அனுப்பின வெள்ளைக்காரன் ஆட்சியை நம்ம தாத்தாமார் பார்த்திருக்கிறார்கள். ஆகவே அரசாங்கத்துக்குத் தடை போடுகிற அதிகாரமே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். நம்ம சங்கத்திலேயே அப்படிச் சொல்கிறவர்கள் உண்டு, அவர்களோடு எனக்கு இதில் ஒத்துப்போகாது. நாட்டுக்குத் தட்டுப்பாடு என்றால் கதவை மூடட்டும். ஆனால் ஊருக்காக ஒருத்தன் நஷ்டப்படுகிறான் என்றால் அந்த நஷ்டத்தை ஊர்தானே கட்டிக்கொடுக்கணும்? ரோடு போட நிலத்தை எடுத்தால் இழப்பீடு தருகிறீர்கள். விலையை எடுத்தால் ஏன் தருவதில்லை?

அந்த நிபுணரின் மேஜைக்கு என்ன கணக்குப் போகிறது என்பதைப் பார்த்தால் காரணம் புரியும். மத்திய நுகர்வோர் துறை தினமும் நாடு முழுக்க சுமார் 550 ஊர்களில் சில்லறை விலை, மொத்த விலை எடுக்கிறது. வெங்காயம், தக்காளி, உருளைக்கிழங்கு, பருப்பு, அரிசி எல்லாம் காலையில் கேட்டால் சாயங்காலம் மேஜையில். விலைவாசிக் குறியீட்டில், 2012-ஐ அடிப்படையாக வைத்துப் போட்ட கணக்கில், சாப்பாட்டுச் சாமானுக்குக் கிட்டத்தட்ட 46 சதவீத எடை இருந்தது. அதனால் வெங்காயம் ஏறினால் டில்லிக்குக் காய்ச்சல் வரும். சரி, வெங்காயம் விளைவிக்க என்ன செலவு என்ற கணக்கு தினமும் போகிறதா? ஆதார விலை அறிவிக்கிற பயிர்களுக்காவது விலை ஆணையம் என்று ஒன்று இருந்து சாகுபடிச் செலவைக் கணக்குப் போடுகிறது. வெங்காயமும் எலுமிச்சையும் அந்தப் பட்டியலிலேயே கிடையாது. இறங்கும்போது தாங்கிப் பிடிக்க ஆதார விலை இல்லை, ஏறும்போது தலையில் தட்டத் தடை மட்டும் உண்டு.

ஓ.இ.சி.டி. என்கிற பணக்கார நாடுகளின் அமைப்பும் டில்லியில் உள்ள ஐக்ரியர் ஆய்வு நிறுவனமும் சேர்ந்து 2018-இல் ஒரு ஆய்வு வெளியிட்டன. 2000-01 முதல் 2016-17 வரைக்கும் கணக்குப் பார்த்தால், உரம், கரண்டு என்று கொடுத்த சலுகையெல்லாம் சேர்த்த பிறகும், இந்திய விவசாயிக்கு அரசுக் கொள்கையால் கிடைத்த ஆதரவு மைனஸ் 14 சதவீதம் என்று வந்தது. அதாவது 100 ரூபாய் வருமானத்தில் 14 ரூபாய் நம்ம பையிலிருந்து போயிருக்கிறது. அதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று இந்த ஏற்றுமதிக் கட்டுப்பாடு. மானியம் வாங்கியே பிழைக்கிறான் விவசாயி என்று டீக்கடையில் பேசுகிறவர்களிடம் இந்த எண்ணைச் சொல்லுங்க.

இனி நாம் கேட்பது. தடைத் தாளில் காரணம் எழுதணும்: நாட்டில் இருப்பு எவ்வளவு, விளைச்சல் எவ்வளவு, எதனால் தட்டுப்பாடு என்று. என்றைக்கு முடியும் என்று தேதி போடணும். போட்ட தேதியை நீட்டுவதாக இருந்தால் வர்த்தகத் துறை மட்டும் முடிவெடுக்காமல் விவசாயத் துறையும் ஒப்புக்கொள்ளணும், விவசாயிகள் பிரதிநிதி ஒருத்தராவது அந்த மேஜையில் உட்காரணும். ஏவுகணைப் பாகத்துக்குக் குழு இருக்கும்போது வெங்காயத்துக்கு இருந்தால் குடி முழுகிவிடாது. சின்ன வெங்காயத்தைப் பெரிய வெங்காயத்தோடு சேர்த்துக் கட்டக்கூடாது.

எல்லாவற்றையும் விட முக்கியமானது ஒன்று. சந்தைத் தலையீட்டுத் திட்டம் என்று ஏற்கெனவே ஒரு திட்டம் இருக்கிறது. ஆதார விலை இல்லாத பயிர்களின் விலை சரிந்தால் அரசு தலையிட்டு வாங்கலாம், நஷ்டத்தை மத்திய அரசும் மாநில அரசும் பாதிப் பாதி ஏற்கலாம். ஆனால் மாநில அரசு கேட்டால்தான் வரும். கேட்டுக் கடிதம் போய், பதில் வந்து, ஆள் வந்து சேருவதற்குள் நம்ம சரக்கு அழுகிவிடும். தடைத் தாள் வெளியான அன்றைக்கே, யாரும் கேட்காமலே, அந்தப் பயிருக்கு இந்தத் திட்டம் தானாகத் திறக்கணும். தடை போடுகிற தாளும் கொள்முதல் தொடங்குகிற தாளும் ஒரே நாளில் வரட்டும். அப்போது கையெழுத்துப் போடுகிறவருக்கும் அது எத்தனை கோடிச் செலவு என்று தெரியும். கைக்காசு போகிற இடத்தில் யாரும் ராத்திரியில் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட மாட்டார்கள்.

2023 டிசம்பரில் தடை வந்த மறுநாள் நாசிக் பக்கம் விவசாயிகள் ஏலத்தை நிறுத்திவிட்டு மும்பை-ஆக்ரா ரோட்டில் உட்கார்ந்தார்கள். 2024 நாடாளுமன்றத் தேர்தலில் அந்த வெங்காய மண்டலத்தில் ஆளுங்கூட்டணி பல தொகுதிகளை இழந்தது. அதற்குப் பிறகுதான் வரி குறைந்தது, குறைந்தபட்ச விலை போனது. நாம் ரோட்டில் உட்காரத் தயங்குகிறவர்கள் இல்லை. ஆனால் நம்மிடம் கணக்கு இல்லாமல் உட்கார்ந்தால், "நஷ்டம் நஷ்டம்னு எல்லாரும்தான் சொல்றீங்க, எவ்வளவு?" என்று ஒரு தாசில்தார் கேட்டால்கூட ஆளாளுக்கு ஒரு எண் சொல்லுவோம்.

அதனால் சங்கம் இப்போது ஒரு வேலை எடுத்திருக்கிறது. எலுமிச்சை, சின்ன வெங்காயம், உளுந்து, பருத்தி எது போட்டவராக இருந்தாலும், ஒரு வெள்ளைத் தாளில் விதைத்த தேதி அல்லது கன்று வைத்த வருஷம், ஏக்கர் கணக்கு, விதை, உரம், மருந்து, ஆள் கூலி என்ன ஆனது, எந்தத் தேதியில் என்ன விலைக்கு விற்றீர்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க. தென்காசி ஆட்சியர் அலுவலகத்தில் மாதாமாதம் நடக்கிற விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் மொத்தமாகக் கொடுப்போம். சந்தைத் தலையீட்டுத் திட்டத்துக்கு மாநில அரசுதான் கேட்கணும் என்பதால் முதல் பிரதி அங்கே. ஒரு பிரதி மதுரை டி.ஜி.எஃப்.டி. கிளைக்கு, ஒரு பிரதி டில்லி வாணிஜ்ய பவனுக்குத் தபாலில். புளியங்குடியிலிருந்து அந்தக் கட்டிடத்துக்கு எலுமிச்சைக் கணக்கு போனது கிடையாது, போகட்டும்.

எழுதத் தயங்குகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகளை விட்டு எழுதச் சொல்லுங்க. கமிஷன் கடைச் சீட்டு இருந்தால் கூடவே வைங்க. கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, ஒட்டிக் கொண்டுவாங்க.